கேபினில் வந்த சாட்சி

அன்று முன்சீப் கோர்ட் அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மேசைக்குப் பின்னால் முன்சீப் ஐயா. அவருக்கு இடப்பக்கம், வழக்குக் கட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா. அவரை எல்லோரும் பேஷ்கார் என்றுதான் சொல்வார்கள். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் சிப்பாய். எனக்கு மனு எழுதிக் கொடுத்த பெரியவர். வடக்கே மாயாபந்தரிலிருந்து கப்பலில் வந்திருந்த கான்ட்ராக்டர். துணைக்கு வந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா. நான். என் மடியில் எட்டு மாத மகள்.

வேடிக்கைக்காக எண்ணவில்லை. அந்த இடத்தில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் நான் ஏதாவது கட்ட வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் எண்ணினேன். முன்சீப்புக்குச் சர்க்கார் சம்பளம், அவருக்கு நான் கட்ட வேண்டியதில்லை. பேஷ்காருக்கும் அப்படித்தான். சிப்பாய்? அவர் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாரே, அதற்கு ஏதாவது உண்டா? தெலுங்கம்மா சும்மா வந்தவள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வெளியே நிற்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் நான் கட்டியிருந்தது அறுபத்து மூன்று ரூபாய். இன்னும் ஒரு ரூபாய் கேட்டால் கொடுக்க என்னிடம் இல்லை.

இது நடந்தது அறுபதுகளின் நடுவில். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இந்தி பேச்சு போர்ட் பிளேருக்கு வந்த நாலு வருஷத்தில் காதில் ஒட்டிக்கொண்டது, எழுத்து தெரியாது. என் வீட்டுக்காரர் சர்க்கார் கப்பலில் கலாசி. நிக்கோபார் பக்கம் போனால் திரும்பப் பதினைந்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவர் இல்லாத நாட்களில் எனக்குத் துணை தையல் மெஷின்தான்.

அந்த மெஷின் முழுசாக என்னுடையது அல்ல. அபர்டீன் பஜாரில் எங்கள் ராமநாதபுரத்துப் பாய் ஒருவர் மெஷின் கடை வைத்திருந்தார். முன்பணம் எண்பது கட்டி, மாதம் பதினாறு ரூபாய் தவணை என்று எடுத்தது. மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார், கட்டின பணம் திரும்பாது. பேச்சு அப்படித்தான். எட்டுத் தவணை கட்டியிருந்தேன்.

கான்ட்ராக்டர் வந்தது அந்த மெஷினைப் பார்த்துத்தான். மாயாபந்தர் பக்கம் காட்டு மரம் வெட்டும் கூலிகளை வைத்து வேலை செய்பவர். மதுரைப் பக்கத்து ஆள், சுத்தமான வேட்டி, மெதுவான பேச்சு. கூலிகளுக்குக் காக்கிச் சட்டையும் அரைக்கால் டவுசரும் நூற்றிருபது ஜோடி வேண்டும் என்றார். துணி அவருடையது. நூலும் பொத்தானும் என்னுடையது. ஜோடிக்கு இரண்டரை ரூபாய். தொண்ணூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். நூலுக்கும் பொத்தானுக்கும் அரிசிக்கும் அது சரியாகப் போயிற்று. வயிற்றுப் பிள்ளையோடு மெஷினை மிதித்து இரண்டு மாதத்தில் தைத்து முடித்தேன். கடைசிக் கட்டை அவரே வந்து எண்ணி வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். மீதி இருநூற்றுப் பத்து ரூபாயை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன் என்றார். எழுத்து ஒன்றும் இல்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. தமிழ் ஆள், அக்கரையிலிருந்து வந்த ஆள், எங்கே ஓடிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மகள் பிறந்தாள். மாயாபந்தர் போகிறவர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். காட்டு இலாகா பில் இன்னும் பாஸ் ஆகவில்லை என்று ஒரு பதில் வந்தது. பிறகு ஒரு பதில்: உருப்படிகள் அளவு குறைந்திருக்கின்றன, கூலிகள் குறை சொல்கிறார்கள், மீதி கொடுப்பதற்கில்லை.

அதைப் படித்த அன்று தையலை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். தெலுங்கம்மாதான் சொன்னாள். இந்த மாதிரிச் சின்னத் தொகைக்கு வக்கீல் வேண்டாம், முன்சீப் கோர்ட்டில் நாமே போய் எழுதிக் கொடுக்கலாம், அவளுடைய மைத்துனன் ஒரு ஆட்டுக்காகக் கொடுத்திருக்கிறான் என்று. என் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால் அவர் கடலில். திரும்பி வந்து, யாரைக் கேட்டுக் கோர்ட் படி ஏறினாய் என்பாரோ என்று ஒரு பக்கம். ஏறாமல் விட்டால் மெஷின் போய்விடும் என்று ஒரு பக்கம். ஏனென்றால் அந்த மாதத் தவணை ஏற்கெனவே தவறியிருந்தது.

மனு எழுதும் பெரியவர் கோர்ட் வராந்தாவில் ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் எழுதுவார். அவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். இந்திதான் வீட்டுப் பேச்சு. கோர்ட்டுக்கு வரும் நம் ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் அவரிடம் இருந்தது. நான் முதலில் கேட்டது மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான். அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கிச் சொன்னார். நூற்றுக்கு ஏழரை ரூபாய் கணக்கில் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு, இருநூற்றுப் பத்துக்குப் பதினைந்து ரூபாய் எழுபத்தைந்து காசு. எதிராளிக்குச் சம்மன் அனுப்ப இரண்டே கால். எழுதுவதற்கு அவருக்கு ஐந்து.

எனக்கு அது விளங்கவில்லை. என் காசை வாங்கித் தரச் சொல்லி வந்தால், முதலில் நான் காசு கட்ட வேண்டுமா? திருடு கொடுத்தவனிடமே அபராதம் வாங்குவது போல இருந்தது. கேஸ் தோற்றால் இதுவும் போய்விடுமா என்று கேட்டேன். போய்விடும் என்றார். ஜெயித்தால்?

"ஜெயிச்சா கோர்ட் ஃபீஸ், சம்மன் காசு ரெண்டும் அவன் தலையில போடுவாங்க, பஹன். என்னோட அஞ்சு ரூபா யார் தலையிலயும் இல்ல. உன் தலையிலதான்."

இந்தியில் தங்கச்சி என்று கூப்பிட்டு அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. ஒளிக்காமல் சொல்கிறார் என்று கொஞ்சம் தைரியம் வந்தது. அன்றைக்கே கையில் தவணைக்கென்று வைத்திருந்த பதினாறை ஸ்டாம்புக்குக் கொடுத்தேன். அதில் மீந்த இருபத்தைந்து காசை அவர் என் உள்ளங்கையில் வைத்தபோது, அதைச் சேலை முந்தியில் மூன்று முடிச்சுப் போட்டு முடிந்துகொண்டது நினைவிருக்கிறது.

பிறகுதான் அவர் கேட்டார், சாட்சி யார் என்று.

நான் யோசித்தேன். உருப்படிகளை வாங்கிக்கொண்டு போனபோது பார்த்தவர்கள் அவரோடு வந்திருந்த கூலிகள் இரண்டு பேர். அவர்கள் எந்தக் காட்டு முகாமில் இருக்கிறார்களோ. தெலுங்கம்மா நான் தைத்ததைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பேசின தையல் கூலி அவள் காதில் விழுந்ததில்லை. எவ்வளவு தைத்தேன், எவ்வளவு பேசினோம், எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் முழுசாகத் தெரிந்த ஆள் என்னைத் தவிர ஒருவர்தான். கான்ட்ராக்டரைச் சாட்சியாகப் போடுங்கள் என்றேன். சத்தியம் வாங்கிக் கேட்டால் அவர் பொய் சொல்ல மாட்டார் என்று அப்போது நான் நிஜமாகவே நம்பினேன்.

பெரியவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். இப்படி எழுதுவது சரிதானா என்று நான் கேட்டேன்.

"நீ சொல்றதை எழுதுறது என் வேலை. சரியா தப்பான்னு சொல்றது வக்கீல் வேலை. அதுக்கு அவர் வேற ஃபீஸ் வாங்குவார்."

எழுதிவிட்டார். மனுவோடு என்னைப் பேஷ்காரிடம் அனுப்பினார். பேஷ்கார் மலையாளி, தமிழ் பேசுவார். சாட்சி என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்தார். சாட்சிக்கு வர போகச் செலவும் நாள்படியும் கூப்பிடுகிறவர் கட்ட வேண்டும், பட்டா என்று அதற்குப் பெயர் என்றார்.

இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இதை மட்டும் நான் உடனே புரிந்துகொண்டேன். தீவில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். கடல் தாண்டி ஒருவரைக் கூப்பிட்டால் கப்பல் காசு கூப்பிட்டவருடையது. என் வீட்டுக்காரர் தம்பியை அக்கரையிலிருந்து வரச் சொன்னபோது டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார். பிரசவத்துக்குக் கைராசிக்காரி ஒருத்தியைப் பக்கத்துத் தீவிலிருந்து அழைத்தபோது படகுக் கூலியும் இரண்டு நாள் சோறும் எங்களுடையது. குடியேற வந்த குடும்பங்களுக்குச் சர்க்காரே கப்பல் காசு போட்டது. கூப்பிட்டுவிட்டுக் கப்பல் காசு தராதவனை இங்கே யாரும் மதிப்பதில்லை. ஆகையால், கான்ட்ராக்டரை நான்தானே கூப்பிடுகிறேன், கட்டத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

பேஷ்கார் அடுத்துக் கேட்டார்: "சாட்சி எந்தத் தரத்து ஆளு? கூலியா, இல்ல பெரிய ஆளா?"

"பெரிய கான்ட்ராக்டர் ஐயா. நாப்பது அம்பது பேரை வச்சு வேலை வாங்குறவரு."

உண்மையைச் சொன்னேன். அதற்காக இன்றைக்கு வரைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். கூலி என்றிருந்தால் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வர நாலு ரூபாய். பெரிய ஆளென்றால் கேபின். ஒரு வழிக்குப் பதினாலு. நாள்படியும் அப்படியே, மூன்று ரூபாய். வந்த கப்பல் திரும்பிப் போக நாலு நாள் ஆகும் என்பதால் நாலு நாளுக்கும் படி. எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய்.

அந்த நாற்பதுக்கு நான் பட்ட பாடு வேறு கதை. அடுத்த மாதத் தவணைக்கு வந்த பதினாறு, வீட்டுக்காரர் அரிசிக்கு விட்டுப் போனதில் பத்து, தெலுங்கம்மாவிடம் எட்டு, ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய ஆறு. கொண்டுபோய்க் கட்டினேன். பேஷ்கார் ரசீது கொடுத்தார். ரசீதை அரிசிப் பானைக்குள் வைத்தேன். எலி கடித்துவிடுமோ என்று எடுத்து மெஷின் மூடிக்குள் வைத்தேன். மெஷினையே தூக்கிக்கொண்டு போனால் ரசீதும் போய்விடுமே என்று திரும்ப எடுத்தேன்.

வாய்தா மாதக் கடைசியில் விழுந்தது. முப்பத்தொரு நாள் மாதம், முப்பதாம் தேதி கேஸ். ஒன்றாம் தேதி மூன்றாவது தவணைக்கும் கெடு. நடுவில் ஒரு நாள் பாய் வீட்டுக்கே வந்தார். திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். மகளைப் பார்த்து, அப்பா சாயல் என்றார். பிறகு மெஷின் சக்கரத்தில் கைவைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார், எண்ணெய் போடுகிறேனா என்று பார்க்கிற மாதிரி.

"ஒண்ணாந்தேதி சாயந்திரம் வரைக்கும் பொறுக்குறேன் தாயி. அதுக்கப்புறம் என்மேல சடைக்கக் கூடாது. நானும் மெட்ராசுக்குப் பணம் அனுப்பணும்."

நான் கோர்ட்டுக்குப் போயிருப்பதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோர்ட்டில் போட்ட பணத்தை என்னிடம் கொடுத்திருந்தால் தவணை முடிந்திருக்குமே என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் போனதால் அதை நானே கேட்டுக்கொண்டு பத்து நாள் திரிந்தேன்.

மாயாபந்தர் கப்பல் வந்த அன்று, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. டெக்கில் வந்தவர்கள் மூட்டையும் கோழிக்கூடையுமாக இறங்கினார்கள். கசங்கின முகங்கள். கடைசியில் கான்ட்ராக்டர் இறங்கினார். தேய்த்த சட்டை, படிய வாரின தலை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகம். வந்துவிட்டார், நம் கேஸ் பிழைத்தது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த நாள் கோர்ட். எங்கள் முறை வந்து சிப்பாய் கூப்பிட்டார். முன்சீப் ஐயா வடக்கத்திக்காரர், இந்தியில் கேட்பார். பேஷ்கார் எனக்குத் தமிழில் சொல்வார். வாதி யார் என்றார். நான் நின்றேன். பிரதிவாதி? கான்ட்ராக்டர் நின்றார். வாதிக்குச் சாட்சி யார் என்று கேட்டார். பேஷ்கார் தாளைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கான்ட்ராக்டரைக் கையால் காட்டினார்.

முன்சீப் பேனாவை மேசையில் வைத்தார். யார் பட்டா கட்டியது என்று கேட்டார். வாதி என்றார் பேஷ்கார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டார்.

முன்சீப் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார், பேஷ்கார் நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கினார். பிரதிவாதி தன் சொந்தச் செலவில் வர வேண்டியவர். அவருக்குச் சம்மன் போனால் போதும், பட்டா கிடையாது. வரவில்லை என்றால் அவர் இல்லாமலே என் பக்கத்தைக் கேட்டு, என் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு இது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் வராமல் இருந்திருந்தால் எனக்கு நல்லது. வராமல் இருக்க வேண்டியவரை நான் நாற்பது ரூபாய் செலவழித்து, கேபினில் படுக்கவைத்துக் கூட்டி வந்திருக்கிறேன். அந்த நாற்பதில் இரண்டு தவணைக்கு மேல் இருக்கிறது.

கான்ட்ராக்டர் அப்போது தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் வர்றதா இல்ல தாயி. வேலை தலைக்கு மேல கெடந்துச்சு. நீ டிக்கெட்டே எடுத்து அனுப்பவும், சரி, பஜார்ல நாலு சாமானும் வாங்கலாம்னு கெளம்பி வந்தேன்."

கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. நிஜம்தான் என்று இப்போது நினைக்கிறேன். மகள் அழத் தொடங்கினாள். தெலுங்கம்மா வந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அவர் இன்னும் சாட்சி சொல்லவே ஆரம்பிக்கவில்லை.

அவரைச் சத்தியம் செய்ய வைத்தார்கள். முன்சீப்பே கேள்வி கேட்டார். இந்தப் பெண்ணிடம் துணி கொடுத்தது உண்டா? உண்டு. எத்தனை ஜோடி? நூற்றிருபது. எல்லாம் வந்து சேர்ந்ததா? சேர்ந்தது, ஆனால் முப்பது ஜோடி அளவு குறைவு. அந்த முப்பதைத் திருப்பி அனுப்பினீரா? இல்லை. இப்போது அவை எங்கே? கூலிகள் போட்டிருக்கிறார்கள் என்றார். முன்சீப் எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது.

கூலி என்ன பேசினீர்கள்?

"ஜோடிக்கு ரெண்டு ரூபா சாமி."

நான் எழுந்துவிட்டேன். இரண்டரை என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். அந்த இரண்டரைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார் முன்சீப். எழுத்து இருக்கிறதா? இல்லை. கேட்டவர்கள் இருக்கிறார்களா? இல்லை. பேஷ்கார் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "உங்க சாட்சிதானேம்மா சொல்றது. நீங்க கூப்பிட்டு வந்த சாட்சி சொல்றதை நீங்களே இல்லைன்னு சொன்னா எப்படி?"

கான்ட்ராக்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். மற்றதையெல்லாம் உள்ளபடி சொன்னவர் அந்த ஒன்றை மட்டும் ஏன் மாற்றினார் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். முழுப் பொய் சொல்லியிருக்கலாம். இவளை யாரென்றே தெரியாது என்றிருக்கலாம். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவர் வாயிலிருந்து வந்ததுதான் என் கேஸே. சாட்சிக்கூண்டில் அவரை நிறுத்தியது தப்பா, தப்பில்லையா என்று அந்த இடத்தில் எனக்குக் குழம்பிவிட்டது. இன்னும் தெளியவில்லை.

நூற்றிருபது ஜோடிக்கு இரண்டு வீதம் இருநூற்று நாற்பது. முன்பணம் தொண்ணூறு போக நூற்றைம்பது. அதற்கு உரிய கோர்ட் ஃபீஸ் பதினொன்றே கால், சம்மன் இரண்டே கால். ஆக நூற்று அறுபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு பிரதிவாதி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நான் பேஷ்காரிடம் அந்த நாற்பதைக் கேட்டேன். அது சேராது என்றார். பதினைந்தே முக்கால் கட்டினேனே, பதினொன்றே கால்தானே வருகிறது என்றேன். ஜெயித்த தொகைக்குத்தான் ஃபீஸ் திரும்ப வரும், தோற்ற அறுபது ரூபாய்க்குக் கட்டினது என்னுடையது என்றார். சொன்னதும் விளங்கியது. ஸ்டாம்பு வாங்கின அன்றே யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அப்போது எனக்கு நாற்பதும் நாலரையும் பெரிதில்லை. நாளை மறுநாள்தான் பெரிது. தீர்ப்புத் தாள் மெஷினை நிறுத்தி வைக்காது. நான் வெளியே வந்து, வராந்தாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் முன்னால் போய் நின்றேன். ஒரு ஆண்பிள்ளை முன்னால் அப்படி வழிமறித்து நின்றது என் ஆயுளில் அது ஒரு தடவைதான்.

"பஜாருக்குச் சாமான் வாங்கக் காசு கொண்டாந்திருப்பீங்க. அதுல இருந்து குடுங்க. நாளன்னிக்கு என் மெஷினத் தூக்கிட்டுப் போயிருவாக."

மாதம் கொஞ்சமாகக் கப்பலில் அனுப்புகிறேன் என்றார். நான் நகரவில்லை. மனு எழுதும் பெரியவர் தகரப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, கொடுத்துவிடும்படி இந்தியில் ஏதோ சொன்னார். சிப்பாயும் எட்டிப் பார்த்தார். கான்ட்ராக்டர் சுற்றிலும் பார்த்தார். பனியனுக்குள் கைவிட்டு ஒரு துணிப்பையை எடுத்து, எண்ணி அறுபது ரூபாய் கொடுத்தார். பெரியவர் கேட்காமலே ஒரு தாளில் ரசீது எழுதி, என் பெருவிரலை மையில் அழுத்தப் போனார். எனக்குக் கையெழுத்து வரும் என்று சொல்லி, போட்டேன். அந்த ரசீதுக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஜாருக்குப் போய், ஒன்றாம் தேதிக்குக் காத்திராமல், மூன்று தவணைக்கும் நாற்பத்தெட்டு ரூபாயைப் பாயின் மேசையில் வைத்தேன். அவர் அட்டையில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மீதி பன்னிரண்டில் தெலுங்கம்மாவுக்கு எட்டு.

என் வீட்டுக்காரர் கப்பல் ஒரு வாரம் கழித்து வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். யாரைக் கேட்டுப் போனாய் என்று அவர் கேட்கவே இல்லை. ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், பட்டா ரசீதில் நின்றுவிட்டார்.

"ஒம்பது வருசமா கப்பல்ல கெடக்கேன். கேபினு தரையத் தொடச்சிருக்கேன், ஒரு நாள் படுத்ததில்ல. நம்ம காசுல அவன் படுத்துட்டு வந்திருக்கான்."

இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பணம் வரவில்லை. மூன்று கப்பல் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் போனேன். தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி மறுபடியும் மனு போடலாம் என்றார். அதற்குத் தனி ஸ்டாம்பு. ஜப்தி செய்யப் போகும் ஆளுக்கு மாயாபந்தர் வரைக்கும் கப்பல் செலவு. இன்னின்ன சாமான் கான்ட்ராக்டருடையதுதான் என்று அடையாளம் காட்ட நானும் கூடவே போக வேண்டும். அந்த டிக்கெட்டும் என்னுடையது. எழுதுகூலி இந்தத் தடவை நாலு ரூபாய் போதும் என்றார். நான் அவர் எதிரிலேயே குந்தி உட்கார்ந்து கூட்டினேன். முப்பதைத் தாண்டியது. இரண்டு தவணை. போய்ச் சேருகிற அன்று கான்ட்ராக்டர் முகாமை மாற்றிக்கொண்டு இன்னும் வடக்கே திக்லிபூர்ப் பக்கம் போயிருந்தால் அதுவும் கடலோடு போயிற்று. மெஷினுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி இருந்தது.

வேண்டாம் என்று எழுந்தேன். பெரியவர் தீர்ப்பு நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நாலு தவணையையும் ரவிக்கை தைத்தே கட்டி முடித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள், மாயாபந்தர் கப்பலில் வந்த ஒரு சமையல்காரர் வீட்டைத் தேடி வந்து, கான்ட்ராக்டர் கொடுத்தனுப்பியது என்று இருபது ரூபாயைக் கொடுத்தார். வேறு செய்தி இல்லை. நூற்று அறுபத்து மூன்றரையில் அன்று வராந்தாவில் கொடுத்த அறுபதும் இந்த இருபதும் போக, அவர் இன்னும் தர வேண்டியது எண்பத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.